வையாபுரி செய்த பதினொரு கதவுகள்

பச்சைமலையிலிருந்து இறங்கிய வெள்ளம் ஒரு வாகை மரத்தை வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்து வெள்ளாங்கரட்டு ஆற்றின் குறுக்கே போட்டுவிட்டுப் போனபோது, ஊர்க்காரர்கள் அதைத் துண்டு போட்டு அடுப்புக்குப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். மரச்சிற்பி வையாபுரி மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இதை அடுப்பில் வைத்தால் சோறு வேகாது என்றான். அவன் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியவர் அன்றைக்கு ஒரே ஒருவர், மரவள்ளிக்கிழங்கு போடுகிற செங்கோடன். செங்கோடன் ஆறு ஏர் மாடுகளைத் திரட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் மூன்று நாள் சேற்றில் கிடந்து அந்த மரத்தைக் கரையேற்றி, செங்கோடன் காட்டில் புளியமரத்து நிழலில் கிடத்தினார்கள். மூன்று வருஷம் அது அங்கேயே காய்ந்தது. மூன்று வருஷமும் வையாபுரி வாரம் ஒருமுறை போய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் பேசுது, பேச்சு நிக்கட்டும் என்று சொல்லித் திரும்பி வந்தான்.

அவனுடைய அப்பா வண்டிச்சக்கரம் செய்தவர். வையாபுரிக்குச் சக்கரத்தில் மனம் போகவில்லை, சக்கரத்து நடுக்குடத்துக்கு ஆகாதென்று கழித்துப் போட்ட கட்டையில் உளியால் முகம் செதுக்கிக்கொண்டிருந்தான். பிற்பாடு சுற்றுப்பட்டுக் கோயில்களுக்குக் குதிரை வாகனம், காளை வாகனம், தேருக்குப் பொம்மை, காட்டுக்கோயில்களுக்கு ஆளுயரச் சாமி என்று அவன் உளி ஓயவில்லை. அவன் செதுக்கிய சாமிகளை எங்கே பார்த்தாலும் தெரியும். எல்லாச் சாமிக்கும் பாதம் பெரிதாக இருக்கும், களை பறிக்கிற பெண்களின் பாதம் மாதிரி விரல்கள் அகன்று, குதிகாலில் வெடிப்பு விழுந்து. டவுன் கோயில் ஐயர் ஒருவர் இதென்னப்பா சாமிக்கு இப்படிக் கால் என்று முகம் சுளித்ததற்கு, "ராப்பகலா நின்னுக்கிட்டே இருக்கிற சாமிங்க. காலு பெருசா இல்லேன்னா எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டான். ஐயர் யோசித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் வருஷம் மரம் பேச்சை நிறுத்தியது. வையாபுரி அதிலிருந்து முதலில் செங்கோடனுக்கு ஒரு இரட்டைக் கதவு செய்தான். கதவுக்கு ஒரு பெண்ணாக இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் சோளக்கதிர், இன்னொருத்தி கையில் அரிவாள், இரண்டு பேருக்கும் பெரிய பாதம், இரண்டு பேரும் வருகிறவர்களை நேராகப் பார்க்கிறார்கள். கதவை நிலையில் மாட்டிய அன்று செங்கோடன் தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டான்.

"ரெண்டு பொம்பளைங்க வாசல்ல நிக்கிறாங்க, தாழ்ப்பாள் எதுக்குடா?" என்றான் வையாபுரி.

அது விளையாட்டுப் பேச்சாகத்தான் இருந்தது, அந்த ஆவணி மாசம் வரைக்கும். ஆவணியில் செங்கோடனின் தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கதவைத் தள்ளினார், திறக்கவில்லை. மாப்பிள்ளை தள்ளினான், தோளைக் கொடுத்து முட்டினான், திறக்கவில்லை. உள்ளேயிருந்து செங்கோடன் இழுத்தான், அப்போதும் அசையவில்லை. பின்னால் வெற்றிலைத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக் கிழவி ஒற்றை விரலால் தொட்டாள், கதவு திறந்து அவளை உள்ளே விட்டு மறுபடி சாத்திக்கொண்டது. வந்தவர்கள் வாசலிலேயே மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து, அந்த மாப்பிள்ளைக்குத் துறையூர்ப் பக்கம் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகத் தெரிந்தது.

வெள்ளாங்கரட்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழை பெய்தால் குடை பிடிப்பது போல, இப்படி ஒரு கதவு இருந்தால் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தார்கள், வையாபுரியிடம் ஆளுக்கொரு கதவு கேட்டார்கள். நாலு வருஷத்தில் அந்த மரத்திலிருந்து பத்துக் கதவுகள் ஆயின. கதவுக்கு நல்லவன் கெட்டவன் என்ற பாகுபாடு கிடையாது என்பதைப் போகப்போகத் தெரிந்துகொண்டார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்று நேராகச் சொன்ன வட்டிக்காரனை அது உள்ளே விட்டது. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொன்ன சித்தப்பாவை விடவில்லை. வாயில் ஒன்றும் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு வந்தவர்களைத்தான் அதற்குப் பிடிக்கவில்லை. ஆகவே அந்த ஊரில் பெண் பார்ப்பது நின்று கதவு பார்ப்பது என்று வழக்கமானது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தெருவில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வரப்புத் தகராறு, ஆட்டுத் தகராறு எதுவானாலும் பஞ்சாயத்து செங்கோடன் வீட்டு வாசலில் கூடியது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளவேண்டும், உள்ளே போனவன் பக்கம் நியாயம். ஆனாலும் சொந்தக்காரர்களைத் தெருவில் நிறுத்திவைக்க முடியாது, மாமியார் வந்தால் சோறு போடாமல் இருக்க முடியாது, வீட்டு ஆளுக்கே சில நாள் வெளியே நிற்கும்படி ஆகிவிடுகிறது. அதனால் கதவு வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த மாசமே பின்சுவரை இடித்துச் சாதாரண மரத்தில் ஒரு புறவாசல் வைத்தார்கள். யார் புறவாசலில் வந்தாலும் ஏன் என்று கேட்பதில்லை என்பது மரியாதையாக இருந்தது.

பதினோராவது கதவுக்குத்தான் மரம் மிஞ்சியிருந்தது. அது தன் வீட்டுக்கு என்று வையாபுரி வைத்திருந்தான், ஏனென்றால் அவன் வீட்டில் இருந்தது தென்னந்தட்டி. ஊர்த்தலைவர் அங்கமுத்து வந்து, "ஊருக்கே செஞ்சவன் தலைவனுக்குச் செய்யலேன்னா நாளைக்கு என்னைப் பத்தி என்ன பேசுவானுங்க?" என்று கேட்டார். வையாபுரி கொடுத்துவிட்டான்.

"நம்ம வீட்டுக்கு?" என்றாள் அவன் பெண்டாட்டி சிலம்பாயி.

"நம்ம வீட்டுக்கு யாரு பொய் சொல்லிக்கிட்டு வரப்போறாங்க?"

 கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எந்தக் குழந்தைக்குப் பேர் வைத்தாலும் முதல் மரப்பாச்சி வையாபுரி கையால்தான், சிலம்பாயிதான் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிலில் வைத்துவிட்டு வருவாள்.

பிறகு அந்த வருஷம் தை மாசத்தில் வெள்ளாங்கரட்டுக்குக் கரண்ட் வந்தது. இருபது வருஷமாக மனுக் கொடுத்தும் வராத கம்பங்கள் ஒரே வாரத்தில் வரிசையாக நடப்பட்டு, பொங்கலன்று வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்தது. செங்கோடன்தான் ஆத்தூருக்கும் சேலத்துக்கும் அலைந்து கொண்டுவந்தான் என்று ஊரே சொன்னது. வையாபுரி தன் வீட்டுப் பல்புக்குக் கீழே உட்கார்ந்து வெகுநேரம் தன் உளிகளின் முனையை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் செங்கோடனைக் கட்டிப்பிடித்து, நீ ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவன்டா என்று சொன்னான். செங்கோடன் அவன் பிடியிலிருந்து சீக்கிரம் விலகிக்கொண்டான். வேலை இருக்கிறது போல என்று வையாபுரி நினைத்தான்.

பங்குனித் திருவிழாவுக்காகச் செல்லாண்டியம்மன் காட்டைக் கூட்டப் போனவர்கள், காட்டின் நடுவே இருந்த வேங்கை மரம் இல்லை என்று வந்து சொன்னார்கள். நாலு ஆள் கைகோத்தாலும் கட்டமுடியாத மரம். அடிக்கட்டை மட்டும் நின்றது, வேங்கைக்கே உரிய சிவப்புப் பால் வடிந்து, உறைந்து, தரையெல்லாம் ரத்தம் கொட்டியது போலக் கறுத்திருந்தது. அம்மன் காட்டில் சுள்ளி ஒடித்தாலே குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மரத்தை வெட்டினவன் வம்சம் விளங்காது என்பது பாட்டன் காலத்துப் பேச்சு. அன்று சாயங்காலம் பூசாரிக்கு அருள் வந்தது. அம்மன் அவர் வாயால் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: "என் காட்டுல கை வச்சவன் பேரென்ன? பேரைச் சொல்லுங்கடா! பேரைச் சொன்னாத்தான் தேரு நகரும்!"

கூட்டம் குனிந்து நின்றது. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். பின்னாலிருந்து யாரோ ஒருவர், யாரென்று கடைசிவரை தெரியவில்லை, "மரம்னா மரத்துக்காரனத்தான் கேக்கணும்" என்றார். எல்லோரும் திரும்பி, தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை செதுக்கிக்கொண்டிருந்த வையாபுரியைப் பார்த்தார்கள்.

வையாபுரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விழுந்த மரம் தவிர நின்ற மரத்தில் அவன் உளி வைத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். "சரிப்பா, கதவு இருக்குது, வாங்க" என்றான். அவனே முன்னால் நடந்தான். சிலம்பாயியும் சிரித்துக்கொண்டேதான் பின்னால் போனாள்.

செங்கோடன் ஒன்பது நாளாகக் காய்ச்சல் என்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெரு முழுக்க ஆட்கள் நிற்க, வையாபுரி கதவுக்கு முன்னால் நின்று, "அம்மன் காட்டு மரத்துல நான் கை வைக்கல" என்று சொல்லிக் கதவைத் தள்ளினான்.

கதவு திறக்கவில்லை.

கை நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி தள்ளினான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு, தான் செதுக்கியதைத் தானே தடவிப் பார்த்தான். அவன் கைக்குத் தெரிந்தது. மரம் அவனுக்கு வழி விடத்தான் பார்த்தது. மேலே நெகிழ்ந்தது, கீழே நெகிழ்ந்தது, கதவு சுழலும் குடுமி திரும்பத் தயாராகத் துடித்தது, ஆனால் நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஏதோ குளிர்ந்த ஒன்று குறுக்கே கிடந்து பிடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப்புறம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதும் கேட்டது. அந்த மூச்சை அவனுக்குத் தெரியும், ஆற்றுச்சேற்றில் மூன்று நாள் பக்கத்திலேயே கேட்ட மூச்சு.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்குது" என்றான் வையாபுரி.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதுன்னு நீதானப்பா சொன்னே" என்றார் அங்கமுத்து. உள்ளே பார்த்து, "செங்கோடா, தாழ்ப்பாள் எதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "இந்தக் கதவுக்கு ஏதுங்க தாழ்ப்பாள்?" என்று குரல் வந்தது.

"புறவாசல் வழியாப் போய் யாராச்சும் பாருங்களேன்!" என்றான் வையாபுரி. "இருபது அடி. சந்துல திரும்பினா புறவாசல். யாராச்சும் ஒருத்தர் போய்ப் பாருங்க!"

ஒருவரும் அசையவில்லை. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தான் மரப்பாச்சி செய்து கொடுத்த வீடுகள், தான் கதவு மாட்டிய வீடுகள், ஒவ்வொன்றாகப் பார்த்தான், ஒவ்வொன்றும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது. சிலம்பாயிதான் ஓடினாள். சந்து முனையில் நாலைந்து பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, தாயார் மாதிரி மெதுவாகப் பிடித்து, "பொம்பள போகக்கூடாதுடி, சொன்னாக் கேளு" என்றார்கள். அதில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அன்று அம்மனுக்குப் பேர் சொல்லப்பட்டது. தேர் நகர்ந்தது. ஒரு வருஷம் வையாபுரி கோயிலுக்குள் வரக்கூடாது, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது, யாரும் அவனுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பானது. அவன் எங்கேயும் போகவில்லை. தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கிடைத்த கட்டையில் அகப்பையும் மரச்சீப்பும் செய்தான். சிலம்பாயி அவற்றைக் கூடையில் வைத்து மூன்று ஊர் தள்ளிப் போய் விற்றாள்.

தேர் நகர்ந்த அன்று இரவிலிருந்தே ஊரிலுள்ள பதினொரு கதவுகளும் யாருக்கும் திறக்கவில்லை. திருவிழா முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் வாசலில் நின்று தள்ளிப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் சந்துக்குள் திரும்பினார்கள். பேச்சு வராத தவழும் குழந்தைகள் முட்டினால் மட்டும் கதவு கொஞ்சம் விலகியது. குழந்தைகளை முன்வாசல் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள். இதையும் வெள்ளாங்கரடு ஒரு மாசத்தில் பழகிக்கொண்டது. சந்துகளை அகலமாக்கினார்கள், சாணிக்குழிகளைத் தூர்த்தார்கள், கோலத்தைப் புறவாசலில் போட்டார்கள், மின்கம்பத்து விளக்குகளைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். தபால்காரர் சந்து வழியாக வந்தார், கல்யாண ஊர்வலம் சந்து வழியாகப் போனது, சாவு சந்து வழியாகப் புறப்பட்டது. பழைய தெருவில் புல் முளைத்தது. ஊரே அப்படி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று கேட்பதில்லை என்பது அங்கே ஏற்கெனவே மரியாதையாகத்தானே இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் செங்கோடனின் பெண்டாட்டி பாவாயி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வையாபுரி வீட்டுத் தட்டிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வா என்று சிலம்பாயி சொல்லவில்லை.

"அண்ணா" என்றாள் பாவாயி, "தாழ்ப்பாள் போட்டது அவருதான். ஆத்தூர்ச் சந்தையில வாங்கித் துண்டுல சுருட்டிக் கொண்டாந்தாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மரத்தை மர வியாபாரிக்கு வித்தது அவரு. அந்தக் காசை வச்சுத்தான் கரண்டு வந்துச்சு."

வையாபுரி அகப்பையைக் கீழே வைத்தான். "இதை ஊர்ல சொல்லுவியாம்மா?"

பாவாயி மழையில் நின்றபடியே அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம் இல்லை, பரிதாபம்.

"அண்ணா, யாருகிட்டச் சொல்றது? ஆம்பளைங்க அத்தனை பேரும் கூடித்தான் மரத்தை வித்தாங்க. பொம்பளைங்களுக்கு மறுநாளே தெரியும். தெரியாதவங்க நீங்க ரெண்டு பேருதான்."

அவள் போன பிறகு வையாபுரி மழை நிற்கும்வரை காத்திருந்தான். நின்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கமுத்து வீட்டுக்குப் போனான். சிலம்பாயியும் கூடப் போனாள். அங்கமுத்து புறவாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மறுக்கவில்லை. கட்டிலில் பக்கத்தில் இடம் கூடக் காட்டினார்.

"ஏன் தலைவரே, என்னை ஏன்?" என்று கேட்டான் வையாபுரி.

"கோவிச்சுக்காம கேளுப்பா" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "அம்மன் ஒரு பேரு கேக்குது. பேரைச் சொன்னா அந்தக் குடும்பத்து வம்சம் போயிரும். எங்க ஒவ்வொருத்தன் வீட்டுலயும் புள்ள குட்டி இருக்குது. செங்கோடனுக்கு நாலு. எனக்குப் பேரன் பேத்தியோட ஒம்போது. உனக்கு..." என்று சொல்லிச் சிலம்பாயியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு, "உன் மேல விழுந்தா உன்னோட போயிரும். யோசிச்சுப் பாத்தா யாருக்குமே நட்டமில்ல. உன்னைத் தவிர வேற யாராலயும் அதைத் தாங்கவும் முடியாதுன்னு செங்கோடனே சொன்னான். உன் மேல அவனுக்கு அவ்வளவு மரியாதை" என்றார்.

சிலம்பாயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. எத்தனை தொட்டிலில் எத்தனை மரப்பாச்சி வைத்தோம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கை விரல்களும் போதவில்லை, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். வையாபுரி அவளைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வருஷம் முடிந்தது. ஊர் விதித்த தண்டனையும் முடிந்தது. யார் வீட்டிலும் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை என்பதால் ஊர் சந்தோஷமாக இருந்தது. பங்குனிக்கு முந்தின வாரம் அங்கமுத்துவும் இன்னும் நாலு பேரும் தாம்பாளத்தில் வேட்டி, புடவை, வெற்றிலை, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு வையாபுரியின் தட்டிக்கு வந்தார்கள். அம்மனுக்குப் புதுக் குதிரை வேண்டும், வெளியூர்க்காரன் செய்த குதிரைக்குக் கால் சின்னதாக இருக்கிறது, ஊர்வலத்தில் சாய்கிறது என்றார்கள். கதவுகளையும் சரிபண்ண வேண்டும், அது உன் கைக்குக் கட்டுப்படும், எத்தனை நாள்தான் சந்துக்குள் போய் வருவது என்றார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செங்கோடன் வீட்டில் விருந்து, பழசையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்றார்கள்.

"போகாதீங்க" என்றாள் சிலம்பாயி, அவர்கள் போன பிறகு.

"வேற எங்க போறது? இங்கதான பொறந்தேன்" என்றான் வையாபுரி. ஒரு வருஷமாக அவனுக்கு ஒரே ஆசை இருந்தது, அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. மறுபடி பழையபடி ஆகவேண்டும். யாராவது தெருவில் நிறுத்தி, என்னப்பா வையாபுரி என்று கேட்கவேண்டும். அதற்காக எதையும் மறந்துவிடலாம் என்று நினைத்தான். மறந்துவிட்டதாகவும் நினைத்தான்.

"நான் வரமாட்டேன். பஸ் நிக்கிற இடத்துல இருப்பேன். நீங்க சாப்ட்டுட்டு வர்றதுன்னா வாங்க, இல்லேன்னா இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, சிலம்பாயி உளிப்பையையும் இரண்டு புடவையையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

செங்கோடன் வீட்டு முன்வாசலில் புல்லைச் செதுக்கிச் சாணி தெளித்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு கோலம் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அந்தத் தெருவில் வந்து நின்றது. வையாபுரி புது வேட்டியில் வந்தான். அவன் செதுக்கிய இரண்டு பெண்களும் வெயிலில் கொஞ்சம் வெளிறி, அவனை நேராகப் பார்த்தார்கள். உள்ளே இலை போட்டு, பரிமாறத் தயாராகச் செங்கோடன் நிற்பது குரலில் தெரிந்தது.

"வா வையாபுரி, உள்ள வா!"

"வர்றேன்பா" என்றான் வையாபுரி. எல்லோருக்கும் கேட்கும்படி, "மனசுல ஒண்ணுமில்ல. எல்லாம் மறந்தாச்சு" என்றான். சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினான்.

கதவு அசையவில்லை.

தெருவில் ஒரு சலசலப்பு ஓடியது. உள்ளேயிருந்து செங்கோடன் பதறிப்போய் இழுத்தான், கத்தினான்: "தாழ்ப்பாள் இல்லப்பா! பிடுங்கி எறிஞ்சுட்டேன்! அம்மன் மேல சத்தியமா இந்தத் தடவ தாழ்ப்பாள் இல்ல!"

 வையாபுரி போன வருஷம் போலவே உள்ளங்கைகளைக் கதவில் பதித்தான். மேலே நெகிழவில்லை, கீழே நெகிழவில்லை, குறுக்கே இரும்பு எதுவும் இல்லை. அடியிலிருந்து நுனிவரை மரம் மொத்தமும் சேர்ந்து, ஒரே மனதாக, அவனை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் அவன் செய்த எந்தப் பொருளும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்குக் கண் கலங்கியது. மண்டியிட்டு நெற்றியைச் சோளக்கதிர்க்காரியின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தான். எழுந்தபோது குரல் மாறியிருந்தது.

"செங்கோடா" என்றான். "நான் எதையும் மறக்கல. கதவுக்குப் பின்னால நீ மூச்சு விட்டதக்கூட மறக்கல. என் பொண்டாட்டி விரல் விட்டு எண்ணினத மறக்கல. உன்னைக் கண்டா எனக்கு வயிறு எரியுது. நீ நல்லா இருக்கக்கூடாதுன்னு தினம் நினைக்கிறேன். உன் வீட்டுல ஒரு வாய்த் தண்ணி என் தொண்டையில இறங்காது. இவனுங்க ஒருத்தன் வீட்டுலயும் இறங்காது."

சொல்லி முடிக்கும்போதே கதவு திறந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கமாக விலகி, சுவர்வரை போய் நின்றார்கள். உள்ளே கூடம் தெரிந்தது, தலைவாழை இலை தெரிந்தது, இலையில் ஆவி பறக்கிற சோறு, பக்கத்தில் கரண்டியோடு செங்கோடன். அவன் இளைத்துப்போயிருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஆற்றிலிருந்து மரத்தை ஏற்றிய அன்றைக்குப் பிறகு அவ்வளவு நேராக அவர்கள் பார்த்துக்கொண்டதில்லை. "வா" என்று செங்கோடனின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

வையாபுரி வாசற்படியைத் தாண்டவில்லை. திரும்பி, கூட்டத்துக்கு நடுவே நடந்தான், கூட்டம் வழிவிட்டது. பாவாயி மட்டும் "அண்ணா" என்றாள். அவன் நிற்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் சிலம்பாயி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"இல்ல."

அவள் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். கடைத் தட்டைதான். பஸ் வரும்வரை இரண்டு பேரும் அதைப் பங்கிட்டுத் தின்றார்கள்.

அவர்கள் மலைக்கு அந்தப்புறம் ஒரு சிறு டவுனில் குடியேறினார்கள். வையாபுரி அங்கே இன்னும் இருபத்திரண்டு வருஷம் உளி பிடித்தான். குதிரை செய்தான், காளை செய்தான், பெரிய பாதம் வைத்து எத்தனையோ சாமிகளைச் செய்தான். அவன் பேர் பரவி, வெகுதூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். சிலர் கதவு கேட்டு வருவார்கள். அவர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் அன்பாக விசாரித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க, கதவுக்கு ஆகிற மாதிரி மரம் எங்கிட்ட இல்ல" என்று சிரித்த முகத்தோடு சொல்வான். அவனுக்குப் பின்னால் பட்டறை நிறையக் காய்ந்த வாகை மரம் அடுக்கியிருக்கும்.